விராலிமலைக்கு வாங்கிய வண்டி

கொழும்பில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் ஊருக்குப் போய்த் திரும்பினாலும் அவனை நடுவில் உட்கார வைத்து, எங்கே போனாய், என்ன தின்றாய், யாரோடு சண்டை போட்டாய் என்று ஒன்று விடாமல் கேட்பார்கள். இந்தத் தடவை என்னைக் கேட்டபோது, "ஒரு மாட்டு வண்டி வாங்கினேன்" என்றேன். லீவு முழுவதுமா என்றார்கள். ஏறக்குறைய முழுவதும்தான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனுக்குக்கூட தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் வண்டி வாங்கிய அனுபவம் கிடையாது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கிய நிமிஷமே எனக்குச் சகுனம் சரியில்லை. கொழும்பில் ரிக்ஷாக்காரனிடம் இடத்தைச் சொன்னால் போதும், வாயை மூடிக்கொண்டு ஓடுவான். இங்கே ஜட்காக்காரர் என் பெட்டியைத் தூக்குவதற்குள் நான் யார் மகன், எந்தத் தெரு, கொழும்பில் என்ன வேலை என்பதெல்லாம் வாங்கிவிட்டார். கடைசியாக, "பிள்ளைக எத்தனைங்க?" என்றார். இல்லை என்றேன். குதிரையைக்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "விராலிமலைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க" என்று புத்தி சொல்லிவிட்டுத்தான் குதிரையைத் தட்டினார்.

திருவரங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். வீட்டுக்குள் நுழைந்து கால் கழுவி உட்கார்ந்ததும் ஆத்தா அதையே சொன்னாள்.

"விராலிமலை முருகனுக்கு நேந்துக்கிட்டேன்டா. சொந்த வண்டி கட்டிக்கிட்டு ஒன் மலைக்கு வாரேன், என் மகனுக்கு ஒரு பிள்ளையக் குடுன்னு. நாளைக்கே இலுப்பூர் போயி ஒரு வண்டியப் பாரு."

"பஸ்ஸில் போனால் என்ன ஆத்தா? ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்."

"சொந்த வண்டின்னு நேந்திருக்கேன். பஸ்ஸு என்ன ஒங்கப்பன் வீட்டுதா?"

மொச்சைக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். கொழும்பில் இந்த மொச்சைக் குழம்பை நினைத்து நான் ஏங்காத நாள் கிடையாது. அதை இரண்டு வாய் நிம்மதியாகத் தின்ன விட்டாளா? "இந்த வேண்டுதலும் பலிக்கலைன்னா, நான் வேற எடத்துல பொண்ணு பாத்து வச்சிருக்கேன். சொல்லிப்புட்டேன்" என்றாள்.

ரசம் ஊற்ற வந்த என் மனைவி பூரணத்தின் கரண்டி அப்படியே நின்றது. பிறகு ஊற்றினாள்.

விஷயம் இதுதான். எனக்கும் பூரணத்துக்கும் கல்யாணமாகி ஏழு வருஷம். அதில் நான் ஊரில் இருந்தது, எல்லா லீவையும் சேர்த்தாலும், ஒரு வெள்ளாமைக் காலத்துக்குக் காணாது. அந்த லீவிலாவது புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்க முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே கூடம். பெண்கள் உள்ளே படுப்பார்கள், ஆண்கள் வாசலில். ஆத்தாவுக்கு எலி ஓடினாலும் விழிப்பு வந்துவிடும். கட்டில் கிரீச்சென்றால் "யாரது?" என்று அதட்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று பேசியிருக்கிறோம். பிள்ளை இல்லை என்ற குறை மட்டும் ஊர்ச் சம்மதத்தோடு பூரணத்தின் தலையில் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது நான் முகம் கழுவப் போனேன்.

"சின்ன வண்டியாப் பாருங்க" என்றாள், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"ஏன்?"

"அதுல ரெண்டு பேருதான் படுக்கலாமாம்."

நான் அவ்வளவு மண்டு இல்லை. புரிந்தது. எங்கள் ஊரிலிருந்து விராலிமலைக்கு வண்டியில் போனால் வழியில் ஒரு ராத்தங்கல், திரும்பும்போது ஒரு ராத்தங்கல். கூண்டு போட்ட வண்டி, கீழே வைக்கோல், அதன் மேல் ஜமுக்காளம், முன்னும் பின்னும் படுதா. ஏழு வருஷத்தில் எங்களுக்குக் கிடைக்காத வீடு அது. எனக்கு அப்போதே அந்த வண்டியின் மேல் ஆசை வந்துவிட்டது.

ஆனால் இதை ஆத்தாவிடம் எந்த வாயால் சொல்வது? "நானும் என் பெண்டாட்டியும் தனியாகப் போகிறோம், நீ வீட்டில் இரு" என்று பெற்றவளிடம் சொன்ன மகன் எங்கள் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. ஆகவே, வண்டியைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். மாடு, வைக்கோல், அச்சு, கூண்டு என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் கத்தலாம். எதற்காகக் கத்துகிறோமோ அதைச் சொல்லக் கூடாது. அடுத்த மூன்று நாளும் நான் பட்ட பாடு இதனால்தான்.

மறுநாள் இலுப்பூருக்கு நாலு பேர் கிளம்பினோம். நான், ஆத்தா, பூரணம், என் அக்காள் புருஷன். சாமிக்கு நேர்ந்த வண்டியை மருமகள் கைபட்டு எடுக்க வேண்டும் என்று ஆத்தா சொன்னதால் பூரணம் வந்தாள். மச்சான் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத விஷயம் இந்தச் சமஸ்தானத்தில் இல்லை. அவர் செய்து முடித்த விஷயமும் ஒன்றுகூட இல்லை.

பஸ்ஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். கொழும்பில் டிராம் ஏறிப் பழகியவன் எதைச் சொன்னாலும் பவிசு என்பார்கள். ஆனாலும் பாதி வழியில் அது புகை கக்கிக்கொண்டு நின்றபோது டிரைவர் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். கீழே இறங்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நேராக ஆத்தாவிடம் வந்து, "ஆத்தா, அந்தக் கூஜாவக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

"இது குடிக்கிற தண்ணிப்பா."

"இதுவும் குடிக்கத்தான் கேக்குது ஆத்தா."

குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் பஸ் குடித்துவிட்டது. புளியோதரையைத் தண்ணீர் இல்லாமல் தின்று விக்கிக்கொண்டே இலுப்பூர் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக மச்சான் என் காதில், "பாத்தியா மாப்பிள, இதுக்குத்தான் சொந்த வண்டி வேணுங்கறது" என்று ஓதிக்கொண்டே வந்தார்.

இலுப்பூரில் வண்டித் தரகர் பெரியண்ணன் என்று ஒருவர். சந்தைப் பேட்டைக்குப் பின்னால் புளியமரத்தடியில் இரண்டு கூண்டு வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். ஒன்று சின்னது, ஒற்றை மாடு கட்டுவது. மூங்கில் கூண்டு புதிதாக முடைந்தது. சக்கரம் இரண்டும் புதுக்கருக்குக் குறையாமல் இருந்தன. இன்னொன்று பெரியது, இரட்டை மாடு கட்டுவது. உள்ளே ஏறி நின்றால் தலை இடிக்காது. ஒரு கல்யாண வீட்டுச் சீர்வரிசையையே அடுக்கலாம்.

"சின்னது போதும்" என்றேன். "ஒரு மாட்டோடு போச்சு. வைக்கோல் செலவு பாதி. சந்து பொந்தில் எல்லாம் திரும்பும்."

"அது சரிதாங்க" என்றார் பெரியண்ணன்.

"பெருசுதான் வேணும்" என்றாள் ஆத்தா. "ஒரு நல்லது கெட்டதுக்கு நாலு சனம் ஏற வேணாமா?"

"அதுவும் சரிதாங்க" என்றார் பெரியண்ணன்.

"ஒத்த மாடு நடுவழியில படுத்துக்கிருச்சுன்னா என்ன செய்வ?" என்றார் மச்சான்.

"இரட்டை மாடு படுத்தால் மட்டும் என்ன செய்வீர்கள்?" என்றேன்.

"ரெண்டும் ஒரே நேரத்துல படுக்காது மாப்பிள."

"அது ரொம்பச் சரிதாங்க" என்றார் பெரியண்ணன்.

அந்த மனிதரை அப்படியே தூக்கி அந்தப் பெரிய வண்டிக்கு அடியில் வைக்கலாம் போல இருந்தது. நல்ல வேளையாகப் பூரணம் வாய் திறந்தாள். "சின்னது லேசா இருக்கும்ல அத்தை, மேட்டுல ஏறையில மாடு திணறாது" என்றாள், குரலை உயர்த்தாமல். ஆத்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மருமகள் மாட்டைப் பற்றிப் பேசியது அன்றுதான் முதல் தடவை போலிருக்கிறது.

புளியமரத்தின் மறுபக்கம் ஒரு வளையல்காரரும் அவர் மனைவியும் தங்கள் வண்டியை அவிழ்த்துப் போட்டுக் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போகிறவர்கள். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டது எங்கள் ஆட்களுக்குப் புரியாது என்ற தைரியம். எனக்குக் கொழும்புத் துறைமுகத்தில் தெலுங்கர்களோடு பழகி நாலு வார்த்தை தெரியும்.

"இவர்கள் வண்டி பார்க்கிறார்களா, பெண் பார்க்கிறார்களா?" என்றார் புருஷன்.

"எதற்காக மலைக்குப் போகிறார்கள் என்று கேட்டாயா? பிள்ளை வரத்துக்காம்" என்றாள் மனைவி. "நமக்கு நாலு பிள்ளைகளும் அந்தச் சின்ன வண்டியைவிடச் சின்ன வண்டியில்தான் பிறந்தன. சாமியையா கேட்டோம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பூரணம் "என்னங்க சொல்றாக?" என்று கேட்டாள். களிக்கு உப்பு பத்தவில்லையாம் என்று சொல்லி வைத்தேன்.

ஓட்டிப் பார்க்காமல் எப்படி எடுப்பது என்று மச்சான் கேட்டார். நியாயம்தான். சின்ன வண்டியில் ஒரு மயிலைக் காளையைப் பூட்டினார் பெரியண்ணன். நான் முன்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தேன். சின்ன வயதில் வண்டி ஓட்டியவன்தான், கை மறந்துவிடவில்லை. பூரணம் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கூண்டுக்குள் நாங்கள் இருவரும் அளவெடுத்து வைத்தது போல இருந்தோம். அந்த ஒரு நிமிஷம் நான் விராலிமலைக்கே போய்விட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அப்போது ஆத்தா பின்பக்கமாக ஏறினாள்.

ஆத்தா கனத்த சரீரம். பின்பாரம் தாங்காமல் வண்டியின் முன்பக்கம் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கியது. மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுக, அது முன்னங்கால் தரையில் பாவாமல் தவித்தது. நான் பின்னால் சரிந்து பூரணத்தின் மடியில் விழுந்தேன். பூரணம் ஆத்தாவின் மேல் விழுந்தாள். "முன்னாடி வாங்க! எல்லாரும் முன்னாடி வாங்க!" என்று பெரியண்ணன் கத்த, மச்சான் ஓடிவந்து முன்னால் தொங்கினார். வளையல்காரி களிக் கிண்டுகோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இத்தோடு ஆத்தாவுக்குச் சின்ன வண்டியில் ஏறுவதே வெறுத்துப் போகும் என்று எனக்கு ஒரு சந்தோஷம். நீயே பார், இதில் உனக்கு இடமில்லை, நீ வீட்டில் இருந்து கும்பிட்டுக்கொள் என்று சொல்ல வாய்ப்பு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"சரி. ஒம் பொண்டாட்டியும் நீயும் இம்புட்டு ஆசப்படுறீங்க, சின்னதையே எடு. நான் நடுவுல படுத்துக்கிறேன். நீ இங்கிட்டுப் படு, அவ அங்கிட்டுப் படுக்கட்டும். நடுவுல படுத்தா பாரம் சமமா இருக்கும்ல?"

"அது சரிதாங்க" என்றார் பெரியண்ணன்.

நான் மச்சானைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் எனக்கு உபயோகப்பட்டார். "மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போகப்படாதே அத்தை" என்றார். மூன்று பேராகக் கிளம்பினால் போன காரியம் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு உயிர் வந்தது.

ஆத்தா குனிந்து, புளியமரத்தடியிலிருந்து ஒரு கருங்கல்லைப் பொறுக்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, வண்டிக்குள் வைத்தாள். "இது நாலாவது ஆளு" என்றாள்.

இதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆள் குறைந்தால் கல்லைச் சேர்த்துக்கொள்வோம். எல்லாத் தடைக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். என் தடைக்கு மட்டும் வைக்கவில்லை.

அன்று இலுப்பூர்ச் சத்திரத்தில் தங்கினோம். அங்கேயும் ஆண்கள் முன்கட்டு, பெண்கள் பின்கட்டு. சாப்பாடு என்ற பெயரில் இலையில் ஓடியதைச் சாம்பார் என்றார்கள். வாழை இலை சாய்ந்திருந்ததால் அது என் மடிக்கு வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நெல் வியாபாரி, முன்பின் தெரியாதவர், கதையைக் கேட்டுவிட்டு, சின்ன வண்டி குடை சாயும், பெரிய வண்டி பூமியில் புதையும், ஆகவே இரண்டையும் எடுக்காதே என்று புத்தி சொன்னார். ஆளுக்கு ஒரு நாட்டாமை. நான் மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன்.

விடிந்ததும் ஒரு தீர்மானத்தோடுதான் புளியமரத்தடிக்குப் போனேன். சின்ன வண்டிதான். ஆத்தா நடுவில் படுத்தாலும் சரி, வழியில் ஏதாவது சாக்குச் சொல்லி இலுப்பூர்ப் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை. ஆத்தாவும் அரை மனதாகச் சம்மதித்துவிட்டாள். பெரியண்ணன் கையில் துண்டைப் போட்டு விலை பேச விரலைப் பிடிக்கப் போனேன்.

"பெருசே இருக்கட்டும்ங்க" என்றாள் பூரணம்.

நான் துண்டை எடுத்துவிட்டேன். "என்னது?"

"அத்தை சொல்றதுதான் சரி. சாமிக்குன்னு போறோம், நாலு சனத்தோட போனாத்தான் நல்லது. பெருசையே எடுங்க."

கூடவே நின்று போராடிய ஆள் விடிவதற்குள் எதிர்க் கட்சிக்குப் போய்விட்டாள்! என்னால் எதுவும் கேட்கவும் முடியவில்லை. ஆத்தா முகத்தில் அப்படி ஒரு பெருமை. "அவளுக்கு இருக்கிற புத்தி ஒனக்கு இல்லையேடா" என்றாள். பெரியண்ணன் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. விலையைச் சொல்லி அழவும் எனக்கு இஷ்டமில்லை. பூரணம் நுகத்தடியில் மஞ்சள் தடவினாள். ஒரு ஜோடிக் காளைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் நெல் வியாபாரி சொன்னது பலித்தது. ஓர் ஓடையின் மணலில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. மச்சான் கரையில் நின்று, "இடது பக்கம் தள்ளு, வலது பக்கம் தள்ளு" என்று உபதேசம் செய்தார். நான் முழங்கால் வரை மணலில் நின்று சக்கரத்தைத் தூக்கினேன். ஆவூருக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு வாத்தியார், பாவம், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து தோள் கொடுத்தார். வண்டி ஏறியதும் மூச்சு வாங்க, "குடும்பம் பெருசுங்களா?" என்று கேட்டார். "நானும் பெண்டாட்டியும்தான்" என்றேன். வண்டியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பூரணத்தோடு நான் பேசவில்லை. பேச முடிந்தால்தானே பேசாமல் இருப்பதற்கு மரியாதை? அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் அவள் செய்ததுதான் எனக்குச் சுத்தமாகத் தாங்கவில்லை. வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். "பெரியாத்தா, நீங்களும் வாங்க, எடம் கெடக்கு." "மதினி, பிள்ளைக்கு மொட்ட போடணும்னீங்களே, இதுலயே போயிட்டு வந்துரலாம்." அக்காளைத் தானே போய் அழைத்தாள். எதிர்வீட்டு அத்தையை அழைத்தாள். எங்கள் தெருவில் நடமாடும் பெண்பிள்ளை ஒருத்தி பாக்கி இல்லை. ஆத்தாவுக்கு மருமகள் மேல் வந்த பிரியத்தைப் பார்க்க வேண்டுமே! வேறு இடத்தில் பார்த்து வைத்த பெண்ணைப் பற்றி அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் போகிற வருகிற நாயையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தேன். கொழும்புக்குக் கப்பல் ஏற இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அதில் பாதியை ஒரு வண்டி நிறையப் பொம்பிளைகளோடு கழிக்கப் போகிறேன் என்றால் எரிச்சல் வராதா?

கிளம்புகிற அன்று விடியற்காலையிலேயே வாசலில் சந்தைக் கூட்டம். கட்டுச்சோற்று மூட்டை, எண்ணெய்ச் செம்பு, தேங்காய்ச் சாக்கு, உரல் ஒன்றுதான் ஏறவில்லை. மச்சான் மாடுகளைப் பூட்டி, நுகத்தடிக்குக் கற்பூரம் காட்டி, முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஆத்தா எல்லோருக்கும் முன்னால் ஏறி நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்தார்கள்.

"எங்கடா பூரணம்? நேரம் போவுது!"

பூரணம் வாசலுக்கு வரவில்லை. வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கத்து வேலி ஓரமாக வந்து, தூரத்திலேயே நின்றாள்.

"அத்தை, நான் தூரமாயிட்டேன்" என்றாள்.

மாதாந்தரத் தீட்டு வந்தவள் மலைக்கு வரக் கூடாது, சாமி வண்டியைத் தொடக் கூடாது, அடுப்படிக்குள்ளும் போகக் கூடாது. ஆத்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னைக்கா வரணும்? நாள மாத்திருவோமா?"

"பூட்டி சூடம் காட்டியாச்சு. சாமிக்குன்னு பூட்டுன மாட்ட அவுக்கப்படாது" என்றார் மச்சான். வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் அதை ஆமோதித்தார்கள். பிடித்த இடத்தை விட்டு இறங்க ஒருத்திக்கும் மனமில்லை.

"நேந்தது நீங்கதானே அத்தை, நீங்க போனாப் போதும்" என்றாள் பூரணம் தலையைக் குனிந்துகொண்டு. "எனக்காகவும் கேளுங்க."

"அப்ப அவ கெடக்கட்டும். நீ ஏறுடா" என்றாள் ஆத்தா.

நான் ஏறிவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, வெறுப்பில் ஒரு காலைச் சக்கரத்தில் வைத்து மறு காலைத் தூக்கிவிட்டேன்.

"எனக்குத் தண்ணி மோந்து ஊத்த ஒரு ஆளு வேணாமா அத்தை?" என்று வேலி ஓரத்திலிருந்து குரல் வந்தது.

ஆத்தா வண்டிக்குள் திரும்பிப் பார்த்தாள். தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் வண்டிக்குள்தான் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் வேறு பக்கம் பார்த்தாள்.

"சரி, நீயே எறங்கு" என்றாள் ஆத்தா என்னிடம். "கொழும்புல நீதானே பொங்கித் திங்கிற. அவளுக்கும் ரெண்டு சோத்தப் பொங்கிக் குடு. மூணு நாளைக்கு அவ உள்ள வரப்படாது, பாத்துக்க. நாங்க மெள்ளத்தான் வருவோம்."

வண்டி நகர்ந்தது. அவ்வளவு பாரத்தோடு அது தெருமுனை திரும்புவதற்கே ஒரு யுகம் ஆயிற்று. நான் வாசலில் நின்று எல்லோரையும் ஒரு மூச்சு திட்டினேன். முருகனைத் திட்டினேன். பெரியண்ணனைத் திட்டினேன். இத்தனை செலவு செய்து வாங்கிய வண்டியில் நான் தெருமுனை வரைகூடப் போகவில்லை. இனி விறகை உடைத்து, அடுப்பை ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு வடிக்க வேண்டும். என் லீவு உருப்பட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலை கொதித்தது. பூரணம் தலைசீவிப் பொட்டு வைத்து, அடுப்படியில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். "பூரணம், நீ எப்படி அடுப்படிக்குள்…"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அப்போ வேலி ஓரத்தில் நின்றது?"

"சும்மா நின்னேன்." அரிசியை உலையில் போட்டாள். "சின்ன வண்டி எடுத்தா அத்தை நடுவுல படுப்பாக. பெரிய வண்டி எடுத்தா எல்லாரும் போவாக. அந்தப் பாரத்தோட மாடு அசைஞ்சு அசைஞ்சு போயி வர நாலு நாளாவது ஆகும்ல."

"சாமி குத்தம் ஆகிவிடாதா?" என்று மட்டும் கேட்டேன்.

பூரணம் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஏழு வருஷத்தில் அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"எம் புருசனுக்கு இன்னொருத்தி வேணாம்னு, ரெண்டு பொண்டாட்டி கட்டுன சாமிகிட்டப் போயி நான் எந்த வாயால கேப்பேன்? நீங்களே சொல்லுங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தாள்.

"சோறு வேக நேரமாகும்" என்றாள். "வாசக் கதவச் சாத்திட்டு வாங்க."